பிள்ளை 18 வயதிலும் விளையாடிக்கொண்டிருக்க என்ன செய்யலாம்?

விளையாட்டு பிள்ளைக்கு நல்லது என்று சொன்னால் மறுத்துப் பேசும் பெற்றோர் இல்லை. ஆனாலும் சிங்கப்பூரில் பல வீடுகளில் கதை ஒரே மாதிரிதான் போகிறது. தொடக்கநிலை 1இல் நீச்சல் வகுப்பு, 3இல் பள்ளிக் காற்பந்து, 5 வந்ததும் துணைப்பாடம் கூடிவிட்டது என்று எல்லாவற்றுக்கும் முழுக்கு. சேர்த்துவிடுவதற்குக் காட்டும் அக்கறையில் பாதியைத் தொடர வைப்பதற்குக் காட்டினால் போதும். நீண்டகாலப் பலன் அங்கேதான் இருக்கிறது. பின்லாந்தில் 1980இல் தொடங்கிப் பிள்ளைகளை 21 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. ஓரிரு ஆண்டு மட்டும் துடிப்பாக இருந்தவர்களைவிட, இளவயதில் பல ஆண்டுகள் விடாமல் உடலை இயக்கியவர்களே பெரியவர்களான பின்பும் அந்தப் பழக்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

ஆகவே எந்த வகுப்பு, எந்தப் பயிற்றுநர், எவ்வளவு செலவு என்று எந்த முடிவு எடுத்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பிள்ளையை இன்னும் சில ஆண்டுகள் ஆட வைக்குமா, சீக்கிரமே விட்டுவிட வைக்குமா?

உடம்பு எப்போது எதைச் சேமிக்கிறது

எலும்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதற்குக் காலக்கெடு உண்டு. ஒருவர் வாழ்நாளில் சேர்க்கும் எலும்புச் சத்தில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதிலும் உயரம் வேகமாகக் கூடும் இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஏறக்குறைய கால்வாசி சேர்கிறது. இந்த உச்சம் பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதையொட்டியும் வருகிறது. இதைச் சிங்கப்பூர் நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள். பெண் பிள்ளைக்குத் தொடக்கநிலை 6இன் இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ ஆண்டு, ஆண் பிள்ளைக்கு உயர்நிலை 2. பிள்ளைகள் அதிகம் விளையாட்டை விடும் நேரமும் இதுதான். பாட்டிக்கு 70 வயதில் இடுப்பெலும்பு முறிவதைப் பார்த்துக் கவலைப்படும் குடும்பங்கள், பேத்தியின் 12 வயதைக் கவனிக்க வேண்டும்.

எலும்பு வலுப்பெற அதிர்வு வேண்டும். குதிப்பது, ஓடுவது, சட்டென்று திசை மாறுவது ஆகியவைதான் அதைத் தருகின்றன. வலைப்பந்து, பூப்பந்து, கூடைப்பந்து, காற்பந்து, கயிறு தாண்டுதல் எல்லாம் சரி. தரையில் ஓங்கித் தட்டி ஆடும் பரதநாட்டியத்தையும் தயங்காமல் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். நீச்சல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அருமையான பயிற்சி, ஆனால் தண்ணீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதிகம் செய்யாது. நீச்சல் மட்டுமே செய்யும் பிள்ளைக்குத் தினமும் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் 10 முறை இயன்ற உயரம் குதிப்பதைச் சேர்த்துவிடுங்கள். மொத்தம் 3 நிமிடம்கூட ஆகாது. கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவு இல்லாமல் புளோக்கின் கீழ்த்தளத்திலோ பள்ளிக்கூடம் போகும் வழியிலோ குதிக்கட்டும்.

அடுத்து கண். உலகில் கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ள நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. வெளிச்சமான வெட்டவெளியில் இருக்கும்போது விழித்திரையில் டோப்பமின் என்ற வேதிப்பொருள் சுரந்து, கண்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. கண்ணுக்கு உதவுவது வெளிச்சம்தான், ஓட்டம் அல்ல. உள்ளரங்கில் இரண்டு மணி நேரம் பூப்பந்து ஆடினாலும் கண்ணுக்கு அந்தப் பலன் கிடைக்காது. நாளுக்கு 2 மணி நேரமாவது வெளியே இருக்க வேண்டும். மர நிழலிலும் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருப்பதால் நிழலில் விளையாடினாலும் பலன் உண்டு.

மூன்றாவது சிங்கப்பூரில் நம் இந்தியச் சமூகத்துக்குக் கூடுதல் அக்கறை தேவைப்படும் விஷயம். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு இந்தியர்களுக்கு 17.2 விழுக்காடு, சீனர்களுக்கு 9.7 விழுக்காடு. ஒரே எடையில் நம் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கிறது. வேலை செய்யும் தசை இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலேயே இரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் ஒல்லியாக இருக்கும் பிள்ளைக்கும் விளையாட்டு தேவை. "எம் பிள்ளை குண்டா இல்லையே" என்று இருந்துவிட வேண்டாம்.

வாரத்துக்கு எவ்வளவு

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு இயக்கம். அதில் வாரம் 3 நாளாவது கடுமையான பயிற்சியும் தசை, எலும்புக்கான பயிற்சியும் இருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி சொல்வது இது. அளக்கக் கருவி வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் சேர்ந்து வரவில்லை என்றால் கடுமையான பயிற்சி.

வாரத்துக்கு 7 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி உடற்கல்வி 2 மணி நேரத்தையொட்டி வரும். அதில் வரிசையில் நிற்பது, விளக்கம் கேட்பது போக உண்மையில் ஓடுவது பாதிதான். பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும் இணைப்பாட நடவடிக்கையிலும் அப்படியே, இரண்டும் சேர்ந்து 3 மணி நேரம்தான் தேறும். ஆக வாரம் 4 மணி நேரத்தையாவது வீடு கொடுக்க வேண்டும். வார நாளில் இரண்டு மாலை தலா 45 நிமிடம், சனி ஞாயிறில் தலா ஒன்றே கால் மணி நேரம் என்று பிரித்தால் எட்டிவிடலாம். நாளையும் நேரத்தையும் துணைப்பாடம் போலவே அட்டவணையில் எழுதிவிடுங்கள். "நேரம் கிடைச்சா போகலாம்" என்று விட்டால் அந்த நேரம் வராது.

இதற்குப் பெரிய செலவு இல்லை. குடியிருப்புப் பேட்டைகளில் கூடைப்பந்துத் திடலும் வீதிக் காற்பந்துத் திடலும் இலவசம். பல பள்ளிகளின் திடல்களும் மண்டபங்களும் பள்ளி நேரத்துக்குப் பிறகு பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்கத்தின் விளையாட்டு உறுப்பினர் திட்டமான ஆக்டிவ்எஸ்ஜியில் பதிந்தால் முதல் முறை 100 வெள்ளி மதிப்புள்ள தொகை கணக்கில் சேரும். பிள்ளைக்கும் தனியாகப் பதிந்துவிடுங்கள். பூப்பந்துத் தளத்துக்கு வார நாள் மாலையிலும் வார இறுதியிலும் கட்டணம் கூடுதல், இடமும் கிடைப்பது கடினம். பள்ளி விடுமுறையில் வார நாள் காலை முன்பதிவு செய்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

எந்த வயதில் எது

6 வயதுவரை விளையாட்டின் பெயரே முக்கியமில்லை. எறிவது, பிடிப்பது, உதைப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, உருள்வது ஆகியவை கைவந்தால் போதும். இவை வராத பிள்ளைதான் 9 வயதில் "எனக்கு வராது" என்று ஓரமாக உட்காரும்.

நீச்சல் மட்டும் விதிவிலக்கு, அது உயிர்காக்கும் திறன். 2010இல் தொடங்கிய தேசிய நீச்சல் பாதுகாப்புத் திட்டமான ஸ்விம்சேஃபரில் 6 நிலைகள் உண்டு. முதல் மூன்றுக்குப் பிறகு வெண்கலம், வெள்ளி, தங்கம். குறைந்தது மூன்றாம் நிலையாவது முடியட்டும். ஒரு நிலையில் தேறவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் வேகம் அல்ல, மிதப்பதிலும் மூச்சு விடுவதிலும் உள்ள அச்சம். அதற்கு இன்னும் ஒரு வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட, சாதாரண நாளில் நீச்சல் வளாகத்தின் ஆழமில்லாத குளத்தில் அப்பாவோ அம்மாவோ உடன் இறங்கி விளையாடுவது நன்றாக வேலை செய்யும்.

7 முதல் 12 வயதுவரை இரண்டு மூன்று விளையாட்டு நல்லது. ஒன்று குழுவாக ஆடுவது, ஒன்று தனியாக ஆடுவது என்று இருக்கட்டும். ஒரே விளையாட்டில் ஆண்டு முழுதும் கட்டிப்போடுவதைக் குழந்தை மருத்துவர்கள் 15 வயதுவரையாவது தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். சீருடற்பயிற்சி போன்ற சிலவற்றில் மட்டுமே சிறுவயதுத் தொடக்கம் அவசியம். நம் கண்முன்னே சான்று இருக்கிறது. சிங்கப்பூர் ஓட்டப்பந்தய வீரர் சி. குணாளன் முதலில் காற்பந்து ஆட்டக்காரர். 20 வயதைத் தாண்டிய பிறகுதான் பயிற்றுநர் டான் எங் யூன் அவரை ஓட்டப்பந்தயத்துக்கு இழுத்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2001இல் யு.கே. ஷியாம் 10.37 ஓடும்வரை 33 ஆண்டு ஆனது. காற்பந்தில் ஓடிய கால்கள் வீணாகவில்லை.

பயிற்சி வகுப்பைச் சோதித்துப் பார்ப்பது

முழுக் கட்டணம் கட்டுமுன் ஒரு வகுப்பைப் பாருங்கள். கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்:

1. 10 நிமிடம் உங்கள் பிள்ளையை மட்டும் பாருங்கள். பந்து எத்தனை முறை காலிலோ கையிலோ பட்டது என்று எண்ணுங்கள். 10 முறைக்கும் குறைவு என்றால் அது வரிசையில் நிற்கும் வகுப்பு.
2. மிகவும் பின்தங்கிய பிள்ளையைக் கண்டுபிடித்து, பயிற்றுநர் அவனிடம் பெயர் சொல்லிப் பேசுகிறாரா என்று கவனியுங்கள்.
3. தண்ணீர் இடைவேளை 20 நிமிடத்துக்கு ஒரு முறையாவது வருகிறதா?
4. பயிற்றுநர் தேசியப் பயிற்றுநர் பதிவேட்டில் இருக்கிறாரா, முதலுதவிச் சான்றிதழ் செல்லுபடியாகுமா என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல பயிற்றுநர் கோபித்துக்கொள்ள மாட்டார்.
5. பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் வகுப்பில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது எங்கள் கருத்து. கெட்டிக்காரப் பிள்ளை எங்கும் தேறிவிடும். சாதாரணப் பிள்ளை அடுத்த ஆண்டும் வருமா என்பது அந்த ஒரு பழக்கத்தில் தெரியும்.

காலணியும் மட்டையும்

பெரிதாகும்வரை போடலாம் என்று இரண்டு அளவு பெரிய காலணி வாங்குவது கொப்புளத்துக்கும் கணுக்கால் சுளுக்குக்கும் வழி. பிள்ளையை நிற்க வைத்து, நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம், சுமார் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர், இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். 3, 4 மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் பாருங்கள். உள்ளரங்கப் பூப்பந்துக்கு ஓட்டக் காலணி ஆகாது. அதன் உயர்ந்த குதிகால் பக்கவாட்டில் காலை மடக்கிவிடும். தரையில் தடம் பதிக்காத, தட்டையான ரப்பர் அடிப்பாகம் வேண்டும்.

காற்பந்து 8 வயதுவரை 3ஆம் எண், 12 வயதுவரை 4, பிறகு 5. டென்னிஸில் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மெதுவான பந்தில் தொடங்கி மஞ்சளுக்குப் போவது வழக்கம். பெரியவர்கள் பந்தில் தொடங்கினால் அது தலைக்கு மேல் எழும்பிப் பிள்ளை தவறான பிடியைப் பழகிக்கொள்ளும். கிரிக்கெட்டில் 13 வயதுக்குக் கீழ் 156 கிராம் பந்து வேண்டாம், 135 கிராம் எடையில் கிடைக்கிறது. அண்ணனுடைய பழைய மட்டையைத் தம்பிக்குக் கொடுக்குமுன் எடையைப் பாருங்கள். ஒரு கையால் நேராக நீட்டிப் பிடித்து 10 எண்ண முடியாத மட்டை அவனுக்கு அதிகம்.

வெயில், இடி, தண்ணீர்

மைஎன்வி செயலியில் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட டபிள்யூபிஜிடி அளவு வருகிறது. 31 பாகைக்குக் கீழ் வழக்கம்போல் ஆடலாம். 31 முதல் 33 வரை இடைவேளையைக் கூட்டுங்கள், நிழலில் ஆடுங்கள். 33ஐத் தொட்டால் வெளிப்புறக் கடும்பயிற்சியை ஒத்திவையுங்கள். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பிறகும் பெரும்பாலும் சமாளிக்க முடியும். நோயிலிருந்து எழுந்த பிள்ளைக்கும் குளிர்நாட்டுப் பயணம் முடிந்து வந்த பிள்ளைக்கும் உடல் வெப்பத்துக்குத் திரும்பப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரம் பாதி நேரம் போதும். காய்ச்சல் இருக்கும்போது எந்தப் பயிற்சியும் கூடாது, போட்டி நாளானாலும் சரி.

9 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 20 நிமிடத்துக்கு 100 முதல் 250 மில்லிலிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும். இனிப்பு பானத்தைப் பரிசாகக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். தலைசுற்றல், வாந்தி வந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பேச்சுக் குழறினாலோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள், அது வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

இடி கேட்டதும் திடலையும் குளத்தையும் விட்டு வெளியேற வேண்டும், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். மரத்தடி பாதுகாப்பல்ல.

பிஎஸ்எல்இ ஆண்டு

விளையாட்டை நிறுத்தினால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. உடற்பயிற்சிக்கு நேரம் கூட்டிய பள்ளிகளில் மதிப்பெண் குறையவில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. நிறுத்திய நேரம் படிப்புக்குப் போவதும் அரிது, அது திரைக்குப் போய்விடும். ஆகவே குறையுங்கள், நிறுத்தாதீர்கள். வாரம் மூன்று பயிற்சி இருந்தால் ஒன்றாக்கலாம், கூடவே தினமும் 20 நிமிட ஓட்டமோ கயிறு தாண்டுதலோ இருக்கட்டும். தேர்வுக்கு முந்திய மாதத்தில் போட்டிகளை மட்டும் தவிர்த்தால் போதும்.

பிஎஸ்எல்இ மதிப்பெண்ணுக்கு முன்பே திறமையைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்காக விளையாட்டில் சேர்ப்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. தொடக்கநிலை 6இல் ஆண்டின் நடுப்பகுதியில் விண்ணப்பம் திறக்கும், மூன்று தெரிவுகள் வரை போடலாம், கட்டணம் இல்லை. ஆனால் அந்த வழியில் இடம் பெற்ற பிள்ளை அந்தப் பள்ளியிலேயே படித்தாக வேண்டும், நினைத்தபடி வேறு பள்ளிக்கு மாற முடியாது. 12 வயதில் பிடித்த விளையாட்டு 14 வயதில் கசந்தாலும் முழங்கால் ஒத்துழைக்காவிட்டாலும் அங்கேயே இருக்க வேண்டும். அந்த விளையாட்டு இல்லாவிட்டாலும் பிள்ளை இந்தப் பள்ளியை விரும்புமா என்று முதலில் கேளுங்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தேசிய சேவைக்கு முன் நாப்ஃபா என்ற உடலுறுதித் தேர்வில் வெள்ளியோ தங்கமோ பெற்றால் சேவைக்காலம் 8 வாரம் குறையும். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தையும் புல்-அப்பையும் கடைசி மூன்று மாதத்தில் கட்டியெழுப்புவது கடினம். இடையில் விடாமல் ஆடிவந்தவனுக்கு அது பெரிய காரியமில்லை.

பெண் பிள்ளைகள் விடும் இடம்

11 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகள் கொத்தாக விலகுகிறார்கள். காரணங்கள் பெரும்பாலும் சிறியவை, சொல்ல வெட்கப்படுபவை. மார்பு அசையும் சங்கடம், மாதவிடாயின்போது வெள்ளைக் காற்சட்டை, இறுக்கமான சீருடை. அம்மாவோ சித்தியோ தானே முன்வந்து பேச வேண்டும், அவள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. விளையாட்டுக்கான உள்ளாடை இரண்டு, கறுப்பு உள்காற்சட்டை இரண்டு, பையில் எப்போதும் ஒரு பொட்டலம் நாப்கின். முஸ்லிம் பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சலுடையும் விளையாட்டு முக்காடும் எளிதாகக் கிடைக்கின்றன.

"வெயில்ல கறுத்துப் போயிடுவ" என்ற பேச்சு வீட்டில் எழுந்தால் பெற்றோர் அங்கேயே நிறுத்துங்கள். பாட்டியாக இருந்தாலும் மரியாதையோடு, பிள்ளை காதுபடச் சொல்லுங்கள்: "அத்தை, அவ நல்லா ஓடுறா, அதைப் பேசுவோம்." அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வளரும் பெண்ணுக்குத் திடலில் நிற்கும் தைரியம் வேறு.

சோர்வு தொடர்ந்தால் சோம்பல் என்று திட்டாதீர்கள். மாதவிடாய் தொடங்கிய, சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு எளிதில் வரும். பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கீரை, பருப்போடு எலுமிச்சை அல்லது கொய்யா சேருங்கள். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், அது இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்.

சிங்கப்பூர் ஓட்டப்பந்தய வீராங்கனை சாந்தி பெரேரா 2015 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 18 வயதில் 200 மீட்டர் தங்கம் வென்றார். பிறகு பல ஆண்டுகள் அவருடைய நேரம் முன்னேறவே இல்லை. 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 200 மீட்டர் தங்கம் வந்தது. தேக்கமடைந்த ஆண்டுகளில் அவர் விட்டிருந்தால் அந்தத் தங்கம் இல்லை. உங்கள் மகள் ஒரு பருவம் முழுதும் முன்னேறாமல் நிற்கும்போது அவளிடம் இதைச் சொல்லலாம்.

வலி

வளரும் எலும்பின் நுனியில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. தசைநார் இழுக்கும்போது முதலில் நோவது அதுதான். 8 முதல் 14 வயதுக்குள் குதிகாலின் பின்புறம் வலித்தால், இரு பக்கமும் விரலால் அழுத்திப் பார்க்கும்போது துள்ளினால், பெரும்பாலும் அங்குள்ள வளர்ச்சித் தட்டின் அழற்சி. 10 முதல் 15 வயதுக்குள் முழங்கால் சில்லுக்கு இரண்டு விரல் கீழே, எலும்பு மேடாகப் புடைத்து வலித்தால் அதே வகைத் தொல்லை. இரண்டும் நாளடைவில் சரியாகும். குதிப்பதையும் ஓடுவதையும் பாதியாகக் குறைத்து, பயிற்சிக்குப் பின் 15 நிமிடம் பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து, கெண்டைக்காலையும் தொடையையும் தினமும் நீட்டினால் போதும்.

நொண்டினால் ஆட்டம் நிற்க வேண்டும். வீக்கம், இரவில் எழுப்பும் வலி, ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி இருந்தால் மருத்துவரிடம் போங்கள். தலையில் அடிபட்டுக் குழம்பினாலோ வாந்தி எடுத்தாலோ அன்று மறுபடி இறக்கவே கூடாது. இத்தகைய வலி வராமல் தடுக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. வாரத்தில் முறையான பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது, 10 வயதுக்கு 10 மணி நேரம். வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு. ஒரே விளையாட்டிலிருந்து ஆண்டில் 2, 3 மாதம், மாதம் மாதமாகப் பிரித்து, விலகியிருக்கலாம். ஜூன் விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும் இதற்குத் தோதானவை.

தேர்வாகாதபோதும் "நிறுத்திடறேன்" என்னும்போதும்

உயர்நிலை 1இன் தொடக்கத்தில் நடக்கும் தெரிவுச் சோதனையில் பள்ளி அணிக்குத் தேர்வாகாத பிள்ளை, விளையாட்டே தனக்கில்லை என்று முடிவுகட்டிவிடும். சோதனைக்கு முன்பே மாற்று வழியை வீட்டில் பேசி வைத்திருங்கள். போட்டிக்காக அல்லாமல் பொழுதுபோக்காக ஆடும் இணைப்பாட நடவடிக்கைகள் பல பள்ளிகளில் உண்டு. தன் பள்ளியில் இல்லாத விளையாட்டை மற்றப் பள்ளி மாணவர்களோடு சேர்ந்து பயிலும் ஏற்பாட்டையும் கல்வி அமைச்சும் தேசிய விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட்எஸ்ஜியும் 2021 முதல் நடத்துகின்றன. சமூக மன்றக் குழுவும், மாலையில் புளோக்கின் கீழே சேரும் பிள்ளைகளும் அதே அளவு நல்ல வழிதான்.

போட்டி முடிந்து பேருந்தில் வரும்போது ஆட்டத்தை அலசாதீர்கள். "இன்னைக்கு உன் ஆட்டத்தைப் பார்க்க நல்லா இருந்துச்சுப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போங்கள். தவறைத் திருத்துவது பயிற்றுநர் வேலை.

விட்டுவிடப் போவதாகச் சொல்லும் பிள்ளையிடம் அன்றே முடிவு எடுக்காதீர்கள். எது பிடிக்கவில்லை என்று பிரித்துக் கேளுங்கள். விளையாட்டா, பயிற்றுநரா, கூட ஆடும் பிள்ளைகளா, நேரமா? பயிற்றுநர் என்றால் வகுப்பை மாற்றுங்கள். கிண்டல் என்றால் உடனே தலையிடுங்கள். பயிற்றுநர் தொடுவதும் பேசுவதும் சங்கடம் என்று கோடி காட்டினாலும் அன்றே நிறுத்தி, சொன்னதை அப்படியே நம்பி, உரிய இடத்தில் புகார் கொடுங்கள். விளையாட்டே அலுத்துவிட்டது என்றால் கட்டணம் கட்டிய பருவம் முடியும்வரை போகட்டும், அதற்குள் வேறு இரண்டு விளையாட்டின் சோதனை வகுப்புகளுக்கு அழைத்துப் போங்கள். எதில் சேர்வது என்று பிள்ளையே சொல்லட்டும். புதிய வகுப்பின் முதல் நாளைக் குறித்த பிறகு பழையதை நிறுத்துங்கள். இடையில் இரண்டு வாரத்துக்கு மேல் வெற்றாக விட்டால் அந்த மாலை நேரத்தைக் கைப்பேசி பிடித்துக்கொள்ளும், திரும்ப வாங்குவது கடினம்.